மறுபடியும் அறுகம்பை: நண்பர்களோடு சர்ஃபிங் போகிறவர்களுக்கு

இலங்கைக்கு முதல் தடவை சர்ஃபிங் என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் உண்மையில் தீவைச் சுற்றிப் பார்க்கத்தான் போகிறார்கள். காலி கோட்டை, எல்ல ரயில், சிகிரியா, நடுவில் இரண்டு மூன்று நாள் கடல். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பையில் ஒரே ஒரு நல்ல காலை வாய்த்துவிட்டால் அந்த ஆள் திரும்ப வருவார், வரும்போது நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வருவார். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. போன தடவை கிடைத்த அலை அதே இடத்தில் நமக்காகக் காத்திருக்கும் என்ற நினைப்பில் போடும் திட்டம் பெரும்பாலும் சொதப்பும். மணல் இடம் மாறியிருக்கும். தோள் பலம் குறைந்திருக்கும். கூட வருகிற நால்வரும் நான்கு தரத்தில் இருப்பார்கள். இரண்டாவது பயணத்தை ஞாபகத்தை வைத்துத் திட்டமிடாமல் பருவம், காற்று, ஆட்களின் தரம் இந்த மூன்றையும் வைத்துத் திட்டமிட வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

மாதத்திலிருந்து தொடங்கலாம். இலங்கையின் இரண்டு கரையும் ஒரே சமயத்தில் நன்றாக இருக்காது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஹிக்கடுவை, மிதிகம, வெலிகம என்று தென்மேற்குக் கரை. ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை கிழக்கே அறுகம்பை. அதிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்பிப் போகலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. கிழக்கு மாகாணத்தில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால் அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்து வழவழப்பாக்கும். டிசம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் அறுகம்பையை விட்டுவிட்டு வெலிகமவுக்குப் போங்கள். வாடைக்காலத்தில் அறுகம்பையில் மழையும் பழுப்புத் தண்ணீரும்தான். விடுதிகளில் பாதி பூட்டிக் கிடக்கும்.

காற்று பக்கத்து விஷயம், அலை வருவது வெகு தூரத்திலிருந்து. தெற்கு இந்தியப் பெருங்கடலில், தென் அட்சம் நாற்பது ஐம்பது பாகையில் சுழலும் புயல்கள்தான் இந்த அலைகளின் பிறப்பிடம். முன்கணிப்புச் செயலியைத் திறந்ததும் எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் பக்கத்தில் இருக்கும் நொடிக் கணக்கை, அதாவது ஒரு அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை. 8 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். 14 நொடி அலைக்கு அது 300 மீட்டரைத் தாண்டும். தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே அலை அடித்தரையை உணர ஆரம்பித்துவிடும் என்பதால், 14 நொடி அலை 150 மீட்டர் ஆழத்திலிருந்தே திரும்பத் தொடங்குகிறது. தெற்கிலிருந்து வரும் அலை, கிழக்கு பார்த்த குடாவுக்குள் முனையைச் சுற்றி வளைந்து நுழைவது இதனால்தான். குறுகிய நொடி அலை அப்படித் திரும்பாமல் நேரே கடந்து போய்விடும். செயலியில் 2 மீட்டர் 8 நொடி என்று பார்த்துத் துள்ளிக் குதித்துவிட்டு, காலையில் கடற்கரையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. 1.2 முதல் 1.8 மீட்டர், 12 நொடிக்கு மேல், திசை தெற்கு அல்லது தென்தென்கிழக்கு. இப்படிக் காட்டினால் அறுகம்பையின் முக்கிய அலையிடமான மெயின் பாயின்ட் வேலை செய்யும்.

இன்னொரு கணக்கும் கைவசம் இருக்கட்டும். நொடியை ஒன்றரையால் பெருக்கினால் அலைக்கூட்டம் நகரும் வேகம் கடல்மைல் கணக்கில் வரும். 14 நொடிக்கு மணிக்கு 21 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 39 கிலோமீட்டர். புயல் இருக்கும் இடத்திலிருந்து அறுகம்பை வரை சுமார் ஆறாயிரம் கிலோமீட்டர். ஆகவே புயல் உருவாகி ஆறு நாள் கழித்துத்தான் அலை வந்து சேரும். இதனால் இரண்டு நன்மை. ஐந்தாறு நாள் முன்கணிப்பை ஓரளவு நம்பலாம், ஏனென்றால் அலை ஏற்கெனவே கிளம்பியிருக்கும். இரண்டாவது, அலை தினசரி ஒரே அளவில் வராமல் விட்டு விட்டு வரும் என்பது புரியும். இரண்டு மூன்று நாள் நல்ல அலை, பிறகு இரண்டு நாள் சோர்வு. நான்கு இரவு டிக்கெட் போட்டால் சோர்வான நாட்களிலேயே முடிந்துவிடலாம். எட்டு இரவு இருந்தால் ஒரு நல்ல அலை வரத்தாவது கட்டாயம் அகப்படும்.

சென்னைப் பக்கம் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நேர் தெற்கிலிருந்து வரும் அலையில் பெரும்பகுதியை இலங்கையே மறைத்துவிடுவதால் கோவளம், மாமல்லபுரம் கடற்கரைக்கு அதன் மிச்சம்தான் வருகிறது. அங்கே இடுப்பளவு அலையில் தேறியவர் இங்கே தலையளவு அலையிலும் நிற்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். உயரம் மட்டும் வித்தியாசம் என்றால் சமாளித்துவிடலாம். முனையில் உடையும் அலை நீளமானது, எல்லோரும் ஒரே புள்ளியில் காத்திருப்பார்கள், ஒவ்வொரு அலைக்குப் பிறகும் நூறு இருநூறு மீட்டர் கைவலித்து, அதாவது போர்டில் படுத்துக் கைகளையே துடுப்பாகப் போட்டுத் திரும்ப வேண்டும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்தே வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்துக்குப் போங்கள். ஒரே மூச்சில் ஒரு கிலோமீட்டர் நீந்துவதைவிட 50 மீட்டரை வேகமாக நீந்தி இருபது நொடி இளைப்பாறி மறுபடி நீந்துவது, பத்துப் பன்னிரண்டு தடவை, நல்ல பலன் தரும். அலையைப் பிடிக்கத் தேவைப்படுவது அந்தக் குறுகிய வெடிப்புதான்.

இப்போது நண்பர்கள். ஒரு குழுவில் வழக்கமாக ஒருவர் கெட்டிக்காரர், இரண்டு பேர் நடுத்தரம், ஒருவர் "நான் சும்மா பார்க்கத்தான் வர்றேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் போர்டு கேட்பவர். அறுகம்பையைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம் இதுதான். ஆட்டோ தூரத்துக்குள் எல்லாத் தரத்துக்கும் அலை இருக்கிறது. ஆனால் எல்லோரும் எப்போதும் ஒன்றாகவே இறங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இந்த வசதி வீண். விடியற்காலையில் பிரிந்து போய்விட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு ஒன்று சேருங்கள். இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும்: புதியவருக்கு நீங்கள் கற்றுக்கொடுக்காதீர்கள். உங்கள் காலையும் கெடும், அவருக்கும் தப்பான பழக்கம் ஒட்டும். முதல் மூன்று நாளுக்கு உள்ளூர்ப் பயிற்சியாளரை வையுங்கள். பக்கத்து ஊரான பொத்துவிலின் பையன்கள் பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரில் கிடப்பவர்கள். எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதுபோல் நமக்குத் தெரியாது. குழுவில் பெண்கள் இருந்தால் 2018-ல் தொடங்கிய அறுகம்பை பெண்கள் சர்ஃப் கிளப்பை விசாரியுங்கள். இலங்கையில் பெண்களுக்கென்றே உருவான முதல் சர்ஃப் கிளப் அது.

போர்டு விஷயத்தில் திரும்பி வருகிறவர்கள் செய்யும் தப்பு, போன தடவை ஓட்டிய அதே சின்ன போர்டை எடுத்து வருவது. கன அளவைப் பாருங்கள். புதியவருக்கு உடல் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர், அதற்கு மேலும் இருக்கலாம். நடுத்தரத்தவருக்கு எடையில் பாதி, கொஞ்சம் கூட. 75 கிலோ ஆளுக்கு 38 லிட்டர் என்று வையுங்கள். ஒரு வருடமாகத் தண்ணீரில் இறங்கவில்லை என்றால் கூசாமல் மூன்று நான்கு லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். முனை அலையில் கூட்டம் அதிகம். கொஞ்சம் முன்னதாகவே அலையைப் பிடிக்க முடிகிறவருக்குத்தான் அலை. எட்டு ஒன்பது அடி மென்பரப்பு போர்டுகள் அங்கேயே தாராளமாக வாடகைக்குக் கிடைக்கும், அதைச் சுமந்துகொண்டு போக வேண்டாம். கைக்குப் பழகிய ஆறடிப் போர்டை மட்டும் கொண்டுபோங்கள். வாடகை போர்டை எடுக்கும்போது கடைக்காரர் முன்னாலேயே முன்பக்கம், பின்பக்கம், ஓரம், வால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பழைய அடிகளைக் காட்டிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் வாக்குவாதத்தில் பாதி அதோடு தீரும்.

விமானத்தில் போர்டு கொண்டுபோவதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் நீள வரம்பும் எடை வரம்பும் வேறு. டிக்கெட் போடுவதற்கு முன் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி, கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் பேச வேண்டியிருந்தால் அந்த மின்னஞ்சல்தான் பேசும். பொதியும்போது போர்டின் அடியில் இருக்கும் துடுப்புகளை, அதாவது ஃபின்களைக் கழற்றிவிட வேண்டும். மூக்கு, வால், இரண்டு ஓரம் இந்த நான்கும்தான் அடிபடும் இடங்கள். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் பிளந்து ஓரங்களில் மாட்டி ஒட்டுநாடா சுற்றினால் கனமும் இல்லை, காசும் இல்லை. இரண்டு போர்டுகளை ஒரே பையில் வைத்தால் மெழுகு பூசிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவே துண்டு போடுங்கள். இபிஎஸ் (தெர்மோகோல் வகை) நுரையில் செய்த போர்டுகள் சிலவற்றில் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். கையால் திறக்கும் வகை என்றால் பயணத்துக்கு முன் தளர்த்திவிட்டு, தண்ணீரில் இறங்கும் முன் மறக்காமல் முடுக்குங்கள். ஃபின் திருகுக்கு 3/32 அங்குல ஆலன் கீ இரண்டு, உபரித் திருகு நாலைந்து. இந்தச் சாவி தொலைவதுபோல் வேறெதுவும் தொலையாது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியபின் சாலை. நெடுஞ்சாலையில் கொழும்பைச் சுற்றிக்கொண்டு தெற்கு அதிவேகப் பாதையில் மத்தள வரை, அங்கிருந்து தணமல்வில, வெல்லவாய, மொணராகலை, சியம்பலாண்டுவ, லகுகல, பொத்துவில். வேனில் ஆறு ஏழு மணி நேரம் ஆகும். நான்கு பேர், நான்கு போர்டு என்றால் வேன்தான் சரி; காரின் கூரையில் கட்டினால் வெயிலில் மெழுகு உருகி ஓடும். இதில் கவனிக்க வேண்டிய பகுதி கடைசியில் வருகிறது. சியம்பலாண்டுவக்கும் பொத்துவிலுக்கும் நடுவே லகுகல தேசியப் பூங்கா சாலையை ஒட்டியே கிடக்கிறது. அந்தி சாய்ந்தபின் யானைகள் சாலையில் நிற்கும். ஆகவே மாலை ஐந்துக்குள் லகுகலயைத் தாண்டும்படி விமான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சென்னையிலிருந்து பறப்பது ஒன்றரை மணி நேரத்துக்குள்தான், காலை விமானம் பிடித்தால் சரியாக இருக்கும். மாலை விமானம்தான் கிடைத்தது என்றால் நீர்கொழும்பில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டச் சொல்லி டிரைவரை நெருக்காதீர்கள். போர்டு இல்லாமல் வருகிறவர்கள் கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ரயிலைப் பிடித்து, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பேருந்தில் வரலாம். அந்த வழி நெடுகத் தமிழில் பேசிக்கொண்டே வரலாம் என்பது தனிச் சுகம்.

பொத்துவில் ஊரைத் தாண்டி, 2004 சுனாமி சிதைத்த பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய பாலத்தைக் கடந்தால் அறுகம்பை. ஒரே ஒரு பிரதான சாலை, கடற்கரைக்கு இணையாகப் போகிறது. அதன் தெற்குக் கோடியில், மீன்பிடிப் படகுகளைத் தாண்டி நடந்தால் முனை. அதுதான் மெயின் பாயின்ட். 2019-ல் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி இங்கே நடந்தது. வலதுபக்கம் ஓடும் அலை, அடியில் பாறையும் பவளத்திட்டும், நல்ல நாளில் சில நூறு மீட்டர் ஓட்டம். வலது காலை முன்வைத்து நிற்பவர்களுக்கு அலை முதுகுப்பக்கம் வரும் என்பதால், அவர்கள் கிளம்புவதற்கு முன்பே முதுகுவாக்கு ஓட்டத்தைக் கொஞ்சம் பழகிவிட்டு வருவது நல்லது.

இங்கே உள்ளே இறங்கும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காயமும் உடைந்த ஃபின்னும் பெரும்பாலும் அலையில் நடப்பதில்லை, இறங்கும்போது நடக்கின்றன. பாறை ஓரமாக நடந்து முனைவரை போங்கள். போர்டை உங்களோடு பிணைக்கும் லீஷ் கயிற்றைக் காலில் கட்டிவிட்டு, மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடியுங்கள். தொங்கவிட்டால் கல்லிடுக்கில் மாட்டி, குதிக்கிற நேரம் பார்த்துப் பின்னால் இழுக்கும். ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். அலைகள் மூன்று நான்காகச் சேர்ந்து ஒரு செட்டாக வரும், பிறகு ஓய்வு. செட்டின் கடைசி அலை பாறைமேல் ஏறி, தண்ணீர் முழங்கால் அளவு நிறைந்து நிற்கும் நொடிதான் குதிக்க வேண்டிய நொடி. போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்காதீர்கள், பக்கவாட்டில் பிடியுங்கள். நின்று குதிக்காமல் போர்டின் மேல் தட்டையாகப் படுத்து, உடனே எட்டுப் பத்து முறை வேகமாகக் கைவலியுங்கள். தண்ணீர் பின்வாங்கும்போது குதித்தால் வயிறு கல்லில் உட்காரும், ஃபின் முறியும், காலைக் கீழே ஊன்றினால் கடல் முள்ளெலி தைக்கும். சந்தேகமாக இருந்தால் பெருமையை விட்டுவிட்டு, குடாவின் உட்பக்கத்து மணலிலிருந்து இறங்கிச் சுற்றிக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். வெளியே வருவது எப்போதுமே அந்த மணல் பக்கமாகத்தான்.

கடல்மட்டத்தின் ஏற்றவற்றம் இலங்கையில் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. மணல் அடியுள்ள இடங்களில் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. மெயின் பாயின்ட்டின் உட்பகுதிப் பாறைமேல் அரை மீட்டர் குறைந்தாலே அது பெரிய விஷயம்.

கூட்டம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் காலை ஏழு மணிக்கு மெயின் பாயின்ட்டில் தலைகள் எண்ண முடியாது. அலை உடையத் தொடங்கும் புள்ளிக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்குத்தான் அலை. அவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் விலகிவிட வேண்டும். வலது அலை என்பதால் கரையைப் பார்த்துப் படுத்திருக்கும் உங்களுக்கு இடப்பக்கம் இருப்பவர் முந்துரிமை உள்ளவர். எழுவதற்கு முன் இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பாருங்கள். திரும்பக் கைவலித்துப் போகும்போது அலை உடையும் பாதையின் குறுக்கே போகாமல் அலையின் உடையாத தோள்பக்கமாகச் சுற்றிப் போங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் அலையில் வருகிறவருக்குப் பின்னால் இருக்கும் நுரையை நோக்கிப் போய் அடியை வாங்கிக்கொள்ளுங்கள். போர்டை விட்டுவிட்டு முங்காதீர்கள். நான்கு நண்பர்கள் ஒன்றாகப் போய்ப் புள்ளியில் உட்கார்ந்து ஆளுக்கொரு அலையாக மாற்றி மாற்றி எடுப்பது உள்ளூர்க்காரர்களுக்கு எரிச்சல் மூட்டும் முதல் வழி. இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். ஐந்தே காலுக்கு எழுந்து, வெளிச்சம் வரும்போது தண்ணீரில் இருந்தால் ஒன்றரை மணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும். பத்து பதினொன்றுக்குக் கடற்காற்று எழும்பிவிடும். அதற்குப் பிறகு தூங்குவதே உத்தமம்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். மெயின் பாயின்ட்டின் உள்ளே பேபி பாயின்ட் என்று சொல்லும் பகுதி முதல் நாள்காரர்களுக்கு. வடக்கே விஸ்கி பாயின்ட், மணல் அடி, மென்மையான அலை. நடுத்தரத்தவர் நாள் முழுக்கப் பழகலாம், ஆனால் பயிற்சிப் பள்ளிகள் எல்லாம் அங்கேதான் வரும். பொத்துவில் பாயின்ட் மணல் சேர்ந்தால்தான் ஓடும். சேர்ந்த வருடத்தில் அதைப் போல நீளம் வேறெங்கும் இல்லை, சேராத வருடத்தில் வெறும் நுரை. போன தடவை அங்கே நன்றாக இருந்தது என்பதற்கு இந்தத் தடவை ஒரு மதிப்பும் கிடையாது, ஆட்டோக்காரரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தெற்கே பாணமை சாலையில் பீனட் ஃபார்ம் சின்ன நாட்களுக்கு நல்லது. எலிஃபன்ட் ராக் அழகான இடம், ஆனால் அதன் பின்னால் இருக்கும் களப்பில் (உப்பங்கழியில்) முதலை உண்டு. 2017-ல் ஒரு பிரிட்டன் பத்திரிகையாளர் அந்தப் பகுதியில்தான் முதலைக்குப் பலியானார். கடலில் அவ்வளவு பயமில்லை. களப்பு ஓரத்தில் கை கழுவுவது, போர்டை அலசுவது, குறுக்குவழி என்று இடுப்பளவு நீரில் கடப்பது, இவைதான் கூடவே கூடாது.

இன்னும் தெற்கே, குமண தேசியப் பூங்காவின் வாசலில் உகந்தை. மலையடியில் முருகன் கோயில், பக்கத்திலேயே கடல், அங்கேயும் வலதுபக்கம் ஓடும் அலை. கதிர்காமத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வரும் பாதயாத்திரைக்காரர்கள் காட்டுக்குள் நுழையும் முன் கூடும் இடம் இதுதான். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி, ஜூன் ஜூலை வாக்கில், ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே தங்கிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாரங்களில் போர்டைத் தூக்கிக்கொண்டு அரைக்கால் சட்டையோடு கோயில் வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்குவது நன்றாக இருக்காது. அலைக்காகப் போகிறீர்கள் என்றால் வேறு வாரத்தில் போங்கள். அந்த வாரத்தில் போகிறீர்கள் என்றால் போர்டை விடுதியில் வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போங்கள். வழியில் யானை உண்டு, அதனால் ஸ்கூட்டரில் இருட்டில் புறப்பட வேண்டாம். ஸ்கூட்டர் என்றதும் இன்னொன்று: நம் ஊர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு இலங்கையில் தனி அங்கீகாரமும் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடும் கைவிரிக்கும்.

போர்டில் அடி படாமல் ஒரு குழு திரும்புவது அபூர்வம். பழுதுபார்ப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள், ஆனாலும் சின்ன வெடிப்புகளை நாமே மூடிவிடலாம். வெயில் பட்டால் இறுகும் யுவி பிசின் குழல் ஒன்று, 80, 220, 400 எண் உப்புத்தாள், தடித்த தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒரு துண்டு. வெடிப்பில் வாய் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். உப்புக் கரித்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். நல்ல தண்ணீரில் அலசி, வெடிப்பு கீழே பார்க்கும்படி நிழலில் ஒரு முழுநாள் சாய்த்து வையுங்கள். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் உள்ளே காற்று விரிந்து மேல்தோல் நுரையிலிருந்து உரிந்துவிடும். உலர்ந்தபின் சுற்றிலும் மெழுகைச் சுரண்டி எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்கு 80 எண் தாளால் தேயுங்கள். அறைக்குள்ளேயே பிசினை நிரப்பி, பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து விரலால் தடவிச் சமப்படுத்துங்கள். பிறகுதான் வெயிலுக்கு, நான்கைந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். குழலை வெயிலில் திறப்பவர்களுக்குக் குழல் முழுவதும் கல்லாகிவிடும். குழி ஆழமாக இருந்தால் ஒரே தடவையில் நிரப்பாதீர்கள், வெளிச்சம் அடிவரை போகாமல் உள்ளே பச்சையாகவே இருக்கும். இரண்டு மூன்று படலமாகப் போடுங்கள். கடைசியாக ஒன்று, இதைத் தவறவிட்டால் போர்டே போய்விடும்: பாலியெஸ்டர் பிசின் இபிஎஸ் நுரையைக் கரைத்துத் தின்றுவிடும். இபிஎஸ் போர்டுக்கு எபாக்சி வகை யுவி பிசின்தான். குழலின் மேல் எழுதியிருப்பதை வாங்கும்போதே படியுங்கள்.

உடம்பில் பட்ட அடிக்கும் இதே பொறுமை வேண்டும். பவளக்கீறல் சின்னதாகத் தெரியும், மூன்றாம் நாள் சீழ் வைக்கும். உடனே சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டு, எரிந்தாலும் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, மூடிவையுங்கள். கிளம்புவதற்கு முன் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளெலியின் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை ஊறவைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுங்கள். ஊசியால் தோண்டினால் முள் ஒடிந்து உள்ளே தங்கும். மூட்டின் அருகே குத்தியிருந்தால், அல்லது வீக்கம் ஏறினால், பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கடற்கரை விடுதிகளை நம்பினால் பர்ஸ் காலி. பொத்துவிலுக்குள் போனால் பிட்டு, சொதி, தேங்காய்ச் சம்பல், மீன் ஆணம் எல்லாம் கிடைக்கும். கிழக்கின் எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கிக் கித்துள் பாணி (கூந்தல்பனைப் பாகு) ஊற்றிச் சாப்பிடுவதுதான் இரண்டு செஷனுக்கு நடுவில் சரியான ஆகாரம். பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். கடைக்காரரைக் காக்கா என்றோ நானா என்றோ (இரண்டும் அண்ணன்தான்) கூப்பிட்டால் முகம் மலரும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும், தண்ணீர் கேனையும் மருந்தையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். ஊருக்குள் நீச்சல் உடையோடு போகாதீர்கள். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, அன்று நாடு முழுக்க மது விற்பனை இல்லை. இதையும் கணக்கில் வைக்காமல் கடைசி நாள் விருந்தைப் பௌர்ணமியில் வைத்துவிட்டு முழிக்கிற குழுக்கள் உண்டு.

பணத்துக்கு ஒரு பொது உண்டியல் போதும். ஆட்டோ, வேன், தண்ணீர், பழம் அதிலிருந்து. வாடகை போர்டும் அதன் சேதமும் அவரவர் பொறுப்பு. இதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஒருவருடைய போர்டை இன்னொருவர் கேட்டு வாங்கி ஒடித்தால் யார் காசு கொடுப்பது என்பதையும் சேர்த்து. ஏழாம் நாள் பேசினால் நட்புக்குச் சேதம்.

திரும்பும்போது போர்டுகளை முந்தின நாள் மதியமே நல்ல தண்ணீரில் அலசி, மெழுகை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, நிழலில் காயவைத்துப் பொதியுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் வீட்டுக்கு வந்து திறக்கும்போது திருகெல்லாம் துருப்பிடித்திருக்கும். கிழியாத ரேஷ் கார்டு (கடலில் போடும் மேற்சட்டை), பாதி மெழுகுக் கட்டி, ஒரு உபரி லீஷ், ஜோடி தப்பிய ஃபின்கள் இவற்றைச் சுமந்து வர வேண்டாம். சீசன் முடியும் வரை கடலில் இருக்கப்போகிற பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் அவை உடனே பயன்படும். வேனை விடிந்த பிறகு ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். லகுகலயில் யானை சாலையை மறித்தாலும் காத்திருக்க அரைமணி கையில் இருக்கும்படி விமானம் மாலை ஐந்துக்குப் பிறகாக இருக்கட்டும்.